ஊரடங்கு நட்டத்தையும் தொற்று நட்டத்தையும் பிரிப்பது எப்படி?

கேள்வி: முதுகலைப் பொருளியல் மாணவி நான். கொரோனா கால ஊரடங்கும் தடுப்பூசிக் கொள்கையும் பொருளாதாரத்தை எவ்வளவு பாதித்தன என்று ஆய்வேட்டில் அளக்க வேண்டும். 2019, 2020 ஜிடிபியை (மொத்த உள்நாட்டு உற்பத்தியை) ஒப்பிட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்த வித்தியாசத்தில் ஊரடங்கும் இருக்கிறது, நோய்க்குப் பயந்து மக்கள் தாங்களாகவே வெளியே வராததும் இருக்கிறது, ஏற்றுமதி படுத்ததும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஊரடங்கின் தலையில் கட்டினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

தொற்று ஒன்று, விதி வேறு என்று அமைந்த இரண்டு இடங்களைத் தேடுங்கள். 2020 மார்ச்சில் டென்மார்க் கடைகளை மூடியது, சுவீடன் பெரும்பாலும் திறந்தே வைத்தது. வங்கிப் பரிவர்த்தனைகளை ஆராய்ந்தபோது செலவு டென்மார்க்கில் சுமார் 29%, சுவீடனில் சுமார் 25% குறைந்திருந்தது. அந்த 4 சதவீதப் புள்ளிதான் ஊரடங்கின் பங்கு. அமெரிக்காவில் பொருளியலாளர்கள் கூல்ஸ்பீ, சிவர்சன் இருவரும் விதி மாறும் எல்லையின் இருபுறமும் உள்ள கடைகளை ஒப்பிட்டார்கள். வாடிக்கையாளர் வரத்து 60% சரிந்ததில் சட்டக் கட்டுப்பாட்டின் பங்கு 7 புள்ளிகள்தான்.

இந்த விகிதத்தை அப்படியே இந்தியாவுக்குப் போட்டுவிடாதீர்கள். இங்கே ரயிலும் ஆலையும் சேர்ந்தே நின்றன. வாங்குவது மட்டுமல்ல, உற்பத்தியே சட்டத்தால் நின்றது. ஆகவே ஊரடங்கின் பங்கு கூடுதலாகவே இருக்கும்.

தரவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மக்கள் எந்த வகை இடங்களுக்கு எவ்வளவு போனார்கள் என்று காட்டும் கூகுள் நடமாட்டத் தரவில், ஒப்பீட்டுக்கு எடுத்த அடிப்படைக் காலம் 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரை. குளிர்நாடுகளில் அது பனிக்காலம் என்பதால், கோடையில் பூங்கா வரத்து தானாகவே ஏறித் தெரியும். கடை, பணியிடப் பிரிவுகளைப் பயன்படுத்துங்கள்.

தடுப்பூசிக்கு, போட்ட மொத்த டோஸ்களின் எண்ணிக்கையை மாறியாக வைக்காதீர்கள். இரண்டாம் டோஸ் போட்டு இரண்டு வாரம் ஆனவர்களின் விகிதத்தை, வயதுவாரியாக எடுங்கள். முதியவர்களுக்குப் போட்டால் மருத்துவமனை நெருக்கடி குறையும், வேலைக்குப் போகிறவர்களுக்குப் போட்டால் விடுப்பு குறையும். இரண்டும் வேறு வேறு வழியாகப் பொருளாதாரத்துக்குள் வருபவை. கட்டாய விதிகளில் அமலான நாளை விட அறிவித்த நாள் முக்கியம். பிரான்சில் 2021 ஜூலை 12 இரவு சுகாதாரச் சான்று (உணவகம் போன்ற இடங்களுக்குள் நுழையக் காட்ட வேண்டிய சான்று) அறிவிப்பு வந்ததும், அமலாகும் முன்பே தடுப்பூசி முன்பதிவுகள் குவிந்தன.

மீட்சியைக் கணக்கிடும்போது அடித்தள விளைவைக் கவனியுங்கள்: முந்தைய ஆண்டின் எண் மிகவும் தாழ்ந்திருந்தால் வளர்ச்சி விகிதம் பெரிதாகத் தெரியும். 2021 ஆகஸ்டில் வெளியான கணக்குப்படி, இந்திய ஜிடிபி 2020 ஏப்ரல்-ஜூனில் 24.4% சுருங்கி, அடுத்த ஆண்டு அதே காலாண்டில் 20.1% வளர்ந்தது. 100 என்பது 75.6 ஆகி, பிறகு 90.8 ஆனது. இரட்டை இலக்க வளர்ச்சிக்குப் பிறகும் 2019-இன் அளவுக்கு 9 புள்ளி கீழேதான். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, 2019-ஐ 100 ஆக்கி வரைபடம் போடுங்கள்.

இந்த 24.4-உம் முதலில் 23.9 என்றுதான் வெளியானது, பிறகு திருத்தினார்கள். எந்தத் தேதியில் வெளியான எண் என்பதை ஒவ்வோர் அட்டவணையின் கீழும் எழுதிவிடுங்கள்.