பசிபிக் தீவுகளைப் பிடித்தது மரைன் படைதானே, தரைப்படைக்கு அங்கே என்ன வேலை?

கேள்வியில் இருப்பது இதுதான்: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிடமிருந்து தீவு தீவாகப் பிடித்தவர்கள் அமெரிக்க மரைன்கள் (கடலிலிருந்து கரையிறங்கிச் சண்டையிடும் படை) என்றுதான் எங்கும் படிக்கிறோம், அப்படியென்றால் சாதாரணத் தரைப்படை அங்கே என்ன செய்தது, பிடித்த இடத்துக்குக் காவல் நின்றதா?

இல்லை. காவலும் நின்றது, ஆனால் அதற்கு முன் மிகப் பெரிய பகுதியைப் பிடித்ததும் அதுதான். அந்தப் போர் முழுவதிலும் மரைன் படையிடம் இருந்தவை மொத்தம் 6 டிவிஷன்கள் (டிவிஷன் என்றால் பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் பிரிவு, அதற்குள் ரெஜிமென்ட்கள், அவற்றுக்குள் பட்டாலியன்கள்). அதே பசிபிக்குக்கு அமெரிக்கத் தரைப்படை அனுப்பியவை 20க்கும் மேல். கரையிறங்கல்களை எண்ணினாலும் தரைப்படை செய்தவைதான் அதிகம். பிறகு ஏன் நமக்கு மரைன் மட்டும் தெரிகிறது என்றால், ஈவோ ஜிமா மலையுச்சியில் கொடி நடும் அந்த ஒரு படத்தைத்தான் சொல்ல வேண்டும். படம் பிடிக்கிறவர்கள் முதல் நாள் கடற்கரைக்கு வருவார்கள், நாற்பதாவது நாள் சேற்றுக்குள் வர மாட்டார்கள்.

(கொழும்பில் வாழும் தமிழனுக்கு 'ஆமி' என்ற சொல் வேறு ஞாபகங்களைக் கொண்டுவரும். அதை இங்கே ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை, வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இருபது வருடமாக இந்தப் போரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவன், அவ்வளவுதான்.)

முதலில் 'தீவு' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. மரைன்கள் 1943 நவம்பரில் தராவா என்ற பவளத் தீவுக் கூட்டத்தில் பிடித்த பெத்தியோ தீவின் நீளம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். காலிமுகத்திடலில் நடக்கத் தொடங்கினால் கொள்ளுப்பிட்டி தாண்டும்போது தீவு முடிந்துவிடும். ஈவோ ஜிமா சுமார் 21 சதுர கிலோமீட்டர், கொழும்பு மாநகர சபை எல்லையே 37. இப்படிப்பட்ட இடத்தில் ஒளிய இடமில்லை, பின்வாங்கவும் இடமில்லை, நேரே பாய்ந்து சில நாட்களிலோ சில வாரங்களிலோ முடிக்க வேண்டும், அதற்கென்றே பழக்கப்பட்டவர்கள் மரைன்கள். ஆனால் குவாடல்கனால் 5,300 சதுர கிலோமீட்டர். பிலிப்பைன்ஸின் லூசோன் நம் முழு இலங்கையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். நியூ கினி பன்னிரண்டு மடங்கு அளவில் வரும். இவையும் தீவுகள்தான்! லூசோனில் 10 அமெரிக்கத் தரைப்படை டிவிஷன்கள் இறங்கின, மரைன் டிவிஷன் ஒன்றுகூட இல்லை. 1945 ஜனவரியில் லிங்காயென் குடாவில் கால் வைத்தவர்கள், ஜப்பானே சரணடைந்த பிறகு செப்டம்பர் தொடக்கத்தில் அங்கிருந்த ஜப்பானியத் தளபதி ஜெனரல் யமாஷிதா மலையிலிருந்து இறங்கி வரும்வரை அங்கே சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம்.

குவாடல்கனாலையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது மரைன்களின் கதையாகவே சொல்லப்படுவது. 1942 ஆகஸ்ட் 7 அன்று அவர்கள் இறங்கினார்கள் என்பது உண்மை, மிக மோசமான மாதங்களைத் தாங்கியவர்களும் அவர்கள்தான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்டோபர் 13 அன்று வட டகோட்டாவின் தேசியக் காவல் படையிலிருந்து வந்த 164ஆவது ரெஜிமென்ட் அங்கே இறங்கியது. வயல்காட்டுப் பெடியன்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். பத்துப் பதினொரு நாள் கழித்து, கொட்டுகிற மழையில், கும்மிருட்டில், ஜப்பானியர் விமானத்தளத்தை நோக்கிப் பாய்ந்த இரவில், மரைன்களின் வரிசை மெலிந்த இடங்களில் எல்லாம் இவர்களைத்தான் துண்டு துண்டாகக் கொண்டுபோய்ச் செருகினார்கள். யார் பக்கத்தில் நிற்கிறார் என்றுகூடத் தெரியாமல் விடியும்வரை சுட்டார்கள். இவர்கள் கையில் இருந்தது கேரண்ட் துப்பாக்கி, ஒவ்வொரு சுடலுக்கும் போல்ட்டை இழுக்கத் தேவையில்லை, எட்டுக் குண்டு தொடர்ந்து போகும். மரைன்களிடம் இருந்ததோ முதல் உலகப் போர்க் காலத்து ஸ்பிரிங்ஃபீல்ட். அதற்குப் பிறகு கேரண்ட்கள் 'காணாமல் போக' ஆரம்பித்தன என்று கதை உண்டு, நான் நம்புகிறேன். டிசம்பர் 9 அன்று தீவின் பொறுப்பு தரைப்படை ஜெனரல் பேட்ச் கைக்கு வந்தது, களைத்துப்போன மரைன்கள் கப்பலேறினார்கள், மலைகளில் தோண்டி இருந்தவர்களை ஒவ்வொரு குன்றாக அகற்றி 1943 பெப்ரவரியில் முடித்து வைத்தது பெரும்பாலும் தரைப்படை.

அதே தீவில் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஜப்பானியரும் அங்கே அனுப்பியது பெரும்பாலும் தரைப்படையைத்தான். முப்பதாயிரத்துக்கு மேல் இறங்கியவர்களில் கடைசியில் கப்பலேறித் தப்பியவர்கள் பத்தாயிரம் சொச்சம். மற்றவர்களில் பலரைக் கொன்றது துப்பாக்கி இல்லை, பசியும் நோயும். கடல் கையை விட்டுப் போனதால் அரிசி வரவில்லை. தங்கள் மொழியில் அந்தத் தீவின் பெயரின் முதல் எழுத்தைப் 'பட்டினி' என்ற பொருள் வரும்படி மாற்றி எழுதினார்கள். தீவில் நிற்கிற ஆமிக்கு இதைவிடப் பெரிய பயம் இல்லை: பின்னால் இருப்பது கடல், அது யாருடையது என்பதைத் தீர்மானிப்பது அவன் இல்லை.

இரண்டு படைகளுக்கும் சண்டை பிடிக்கும் முறையிலேயே ஒரு வித்தியாசம் இருந்தது, உண்மையில் எனக்கு அதுதான் சுவாரசியம். மரைன்கள் கடற்படையைச் சேர்ந்தவர்கள். தீவுக்கு வெளியே நிற்கிற கப்பல்கள் ஒவ்வொரு நாளும் நீர்மூழ்கிக்கும் விமானத்துக்கும் இலக்கு, ஆகவே ஆள் போனாலும் பரவாயில்லை, சீக்கிரம் முடி. தரைப்படைக்காரன் யோசிப்பது வேறு மாதிரி: முதலில் பீரங்கியைக் கொண்டுவா, பங்கரை ஷெல்லால் உடை, பிறகு ஆளை அனுப்பு. இதில் யார் சரி?

க்வாஜலீனைப் பார்த்தால் தரைப்படை சரி. 1944 ஜனவரி 31 அன்று 7ஆவது டிவிஷன் நேரே பெரிய தீவில் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் தீவைப் பிடித்து அங்கே பீரங்கிகளை வரிசையாக வைத்தார்கள், மறுநாள் அங்கிருந்து அடித்துக்கொண்டே இறங்கினார்கள். பவளத் தீவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வந்த யோசனை, சமையலறையில் நின்று கூடத்துக்குக் கல் எறிவது மாதிரி. கப்பல்களும் இந்த முறை நன்றாக அடித்துக் கொடுத்திருந்தன, அதையும் சொல்ல வேண்டும். நாலு நாளில் தீவு கையில், இறந்த தரைப்படையினர் 200க்குக் குறைவு. தராவாவில் மரைன்கள் மூன்று நாளில் ஏறக்குறைய 1,000 பேரை இழந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் மாக்கினைப் பார்த்தால் கடற்படை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தராவா நடந்த அதே நாட்களில் 27ஆவது டிவிஷனின் ஒரு ரெஜிமென்ட், சில நூறு எதிரிகளே இருந்த அந்தத் தீவை எடுக்க நாலு நாள் ஊர்ந்தது. நவம்பர் 24 விடிகாலையில், வெளியே காத்து நின்ற லிஸ்கோம் பே என்ற விமானந்தாங்கியை ஜப்பானிய நீர்மூழ்கி அடித்தது. கப்பலில் 640 பேருக்கு மேல் செத்தார்கள். தீவில் செத்த தரைப்படையினரைப் போலப் பல மடங்கு. மெதுவாகப் போனதற்கு விலை இருந்தது, கொடுத்தது வேறு ஆட்கள்.

அந்தக் கோபம் சைப்பான் தீவில் வெடித்தது. 1944 ஜூன் 24 அன்று மரைன் ஜெனரல் ஹாலண்ட் ஸ்மித், 27ஆவது டிவிஷனின் தளபதி ரால்ஃப் ஸ்மித்தை 'உன் ஆட்கள் நகர மாட்டேன் என்கிறார்கள்' என்று பதவியிலிருந்து தூக்கினார். தரைப்படைக்கும் மரைனுக்கும் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை கெட்டுப்போனது. என் கருத்து, கேட்டால்: டிவிஷன் மந்தம்தான், ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பள்ளத்தாக்கு இரு பக்கமும் உயரத்திலிருந்து சுடப்படும் இடம், மரணப் பள்ளத்தாக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அங்கே யாரை அனுப்பியிருந்தாலும் ஓடியிருக்க மாட்டார்கள். இரண்டு கிழமை கழித்து, ஜூலை 7 விடிகாலையில், மிஞ்சிய ஜப்பானியர் ஆயிரக்கணக்கில் திரண்டு கடைசியாகப் பாய்ந்தபோது அதைத் தாங்கியது 'நகர மாட்டாத' அதே டிவிஷனின் இரண்டு பட்டாலியன்கள். செத்தவர்களும் காயப்பட்டவர்களும் சேர்த்து 900க்கு மேல். அந்தப் பட்டாலியன் ஒன்றில் வைத்தியராக நின்றவர் பென் சாலமன், அவர் உண்மையில் பல் வைத்தியர். காயக்காரர்களை வெளியேறச் சொல்லிவிட்டு மெஷின்கன்னில் உட்கார்ந்துவிட்டார். பிறகு போய்ப் பார்த்தபோது அவருக்கு முன்னால் 98 உடல்கள் கிடந்தன. அவருக்கு உயர் பதக்கம் கொடுத்தது 2002இல், 58 வருடம் கழித்து.

பல பேருக்குத் தெரியாத இன்னொன்று, படகுகள். நியூ கினிக் கரையோரம் முழுக்க அமெரிக்கத் தரைப்படை ஜெனரல் மக்ஆர்தரின் ஆட்கள் தாவித் தாவிப் போனபோது, தரையிறங்கு படகுகளை ஓட்டியதில் பெரும் பங்கு தரைப்படையின் சொந்தப் பொறியியல் படைக்கு. கடற்படைக்காரனே இல்லாமல் ஆமிக்காரனே படகோட்டி, ஆமிக்காரனே திருத்துகிறவன். கரையில் இறங்கியதும் பாதை போடுவது, பெட்டி இறக்குவது, விமான ஓடுதளத்தைச் சமன் செய்வது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் தலையில்.

பிறகு மலேரியா. குவாடல்கனாலில் மலேரியாவில் விழுந்தவர்கள் குண்டுபட்டு விழுந்தவர்களைவிட அதிகம். நியூ கினியின் பூனாவில் தரைப்படையின் 32ஆவது டிவிஷன் காய்ச்சலாலேயே பாதி கரைந்துபோனது. அட்டாப்ரின் என்ற மாத்திரை இருந்தது, குடித்தால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி பரவியதால் பலர் துப்பிவிட்டார்கள், அதிகாரிகள் வாயைத் திறந்து பார்த்து விழுங்க வைக்க வேண்டியிருந்தது. இலங்கையின் 1934-35 மலேரியாக் காய்ச்சலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட நமக்கு இது விளங்கும்.

சரி, ஈவோ ஜிமாவுக்கே வருகிறேன். அங்கேயும் தரைப்படை இருந்தது. பெப்ரவரி 23 அன்று கொடி, மார்ச் 26 வரை மரைன்களின் சண்டை. ஏப்ரலில் அவர்கள் போன பிறகு அந்தத் தீவைப் பொறுப்பெடுத்தது தரைப்படையின் 147ஆவது ரெஜிமென்ட். பிடித்து முடித்தாயிற்று என்று அறிவித்த தீவில், குகைகளுக்குள் இருந்து இரவில் தண்ணீருக்கு வெளியே வந்தவர்களைத் தேடித் தேடி 1,500க்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள், 800க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அந்த மாதங்களைப் பற்றி ஒரு படமும் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒகினாவாவிலும் அப்படித்தான், தரைப்படை டிவிஷன்கள் நாலு, மரைன் மூன்று, ஷூரி என்ற இடத்து ஜப்பானிய அரண்களில் முதலில் போய் முட்டியது தரைப்படை. செத்தவர்கள் தரைப்படையில் சுமார் 4,600, மரைனில் சுமார் 2,900. இடையில் மாட்டிய ஒகினாவா மக்கள் பல்லாயிரம், அதை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இதெல்லாம் அமெரிக்காவின் கதை. மற்ற நாடுகளிடம் இவ்வளவு பெரிய மரைன் படையே கிடையாது. 1942 மே மாதம் பிரித்தானியர் மடகஸ்காரைப் பிடிக்கப் போனபோது இறங்கியது தரைப்படைப் பிரிகேடுகள், ஒரு நாசகாரிக் கப்பலில் துறைமுகத்துக்குள் நுழைந்த 50 மரைன்கள்தான் விதிவிலக்கு. 1945இல் போர்னியோப் பக்கம் தாரக்கான், லாபுவான், பாலிக்பாப்பன் எல்லாம் அவுஸ்திரேலியத் தரைப்படை.

அவுஸ்திரேலியர் என்றதும் ஒன்று. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய அன்று, இன்று நாம் கோப்பி குடிக்கப் போகிற ரேஸ்கோர்ஸில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் நின்றன என்பது பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு கொழும்பே பாதி காலியாகி, என் அப்பப்பாவும் கோச்சியில் இடம் பிடித்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். அந்த மாதங்களில் ஜப்பானியர் இங்கே கரையிறங்குவார்கள் என்று காத்து நின்றவர்களில் மத்திய கிழக்கிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இங்கே நிறுத்தப்பட்ட இரண்டு அவுஸ்திரேலியப் பிரிகேடுகள், 16ஆவதும் 17ஆவதும். தென்னந்தோப்புக்குள்ளும் காட்டுக்குள்ளும் பயிற்சி எடுத்தார்கள், எதிரி வரவில்லை, ஜூலையில் கப்பலேறினார்கள். அதே வருடக் கடைசியில் 16ஆவது பிரிகேட் கொகோடா மலைப்பாதையில் நின்றது, 17ஆவது அடுத்த ஜனவரியில் வாவ் ஓடுதளத்தைக் காக்க விமானத்திலிருந்து இறங்கி நேரே சண்டைக்குள் போனது. இரண்டும் நியூ கினியில்.

இலங்கையில் நின்ற படைகளைப் பற்றி யாராவது தனிக் கேள்வியாகக் கேட்டால் எழுதுகிறேன். கொக்கோஸ் தீவுக்கு அனுப்பப்பட்ட நம் பீரங்கிப்படையினரின் 1942 கலகமும், அதற்காக வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்ட மூன்று பேரும் அதற்குள் வருவார்கள், அதை இங்கே நாலு வரியில் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை.