அப்பாவின் சைக்கிள் மணி

கேள்வி: எனக்கு 31 வயது. வன்னியில், விசுவமடுவில் வளர்ந்தேன். அப்பா விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். பதினைந்து நாளுக்கு ஒருக்கால் போர்முனை லைனிலிருந்து வருவார். ஒழுங்கை முகப்பில் சைக்கிள் மணி இரண்டு தரம் கேட்டால் நானும் தம்பியும் பறந்துபோவோம். போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்த அப்பா இப்போது தோட்டத்தோடு இருக்கிறார். பழையதைக் கதைப்பதே இல்லை. படங்களை 2009 இல் அம்மா எரித்துவிட்டா. அந்தக் காலத்தை எழுதிவைக்க விரும்புகிறேன். "ஏன் கிளறுகிறாய்" என்கிறார் அப்பா. "பிள்ளையின் எதிர்காலத்தைப் பார்" என்கிறார் கணவர். இன்னொன்று. எங்கள் பக்கத்து வீட்டு அன்ரியின் மகனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது, அவன் திரும்பவில்லை. அன்ரி இன்றும் எங்களோடு முகம் கொடுப்பதில்லை. அந்த நாட்களைச் சந்தோஷமாக நினைக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: பிள்ளை, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நீங்கள் எழுதத் தயங்குவது அப்பாவாலும் கணவராலும் மட்டுமல்ல, அந்த அன்ரியாலும்தான் என்று நினைக்கிறேன். உரிமை இருக்கிறது. மணிச் சத்தம் கேட்டு ஒரு சின்னப் பிள்ளை ஓடியதில் யாருக்கும் துரோகம் இல்லை. ஆனால் எழுதும்போது வேலிக்கு அந்தப் பக்கத்தையும் எழுதுங்கள். வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு வேண்டும் என்று கேட்டதும், பிறகு கேட்காமலே கொண்டுபோனதும் வன்னியில் இருந்த எவருக்கும் மறக்காது. அதை விட்டுவிட்டு எழுதினால், உங்களுக்கே பிறகு வாசிக்கக் கூச்சமாக இருக்கும். அன்ரியிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லமாட்டேன். நீங்கள் செய்த பிழை இல்லை அது. அவவின் மகனின் பெயரைக் கொப்பியில் எழுதுங்கள். அவன் உங்களோடு என்ன விளையாடினான் என்பதையும்.

சரி, அப்பா. "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றுதானே கேட்டிருப்பீர்கள்? விசாரணைக்காரர்களும் அவரிடம் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். சண்டையைக் கேட்காதீர்கள், சாமானைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வருடக்கணக்காக வாய் திறக்காமல் இருந்தார். ஒருநாள் மகள், "அப்பா, எங்கட வீட்டு பங்கருக்கு எத்தனை தென்னங்குற்றி போட்டனீங்கள்?" என்று கேட்டாள். மனிதர் ஈர்க்கை எடுத்து முற்றத்து மண்ணில் கீறத் தொடங்கிவிட்டார். பதுங்குகுழியின் வாசல் ஏன் 'எல்' மாதிரி வளைய வேண்டும், வாசலால் பாய்கிற ஷெல் துண்டு அந்த முடக்கில் எப்படி நின்றுவிடும், குற்றிக்கு மேலே எவ்வளவு மண் என்று தேத்தண்ணி ஆறும் வரைக்கும் சொன்னாராம். பிள்ளைகளுக்காகத் தன் கையால் செய்த வேலை அல்லவா, அதைச் சொல்ல அவருக்குக் கசக்கவில்லை.

நேரத்தைப் பற்றியும் கேட்கலாம். 1996 இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. இயக்கத்தின் கையில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணித்தியாலம் வித்தியாசம். வவுனியாவில் ஆறு மணி பஸ்ஸை நான் தவறவிட்டது அப்படித்தான். என் கையில் அப்போது ஐந்தரை. 2006 ஏப்ரலில் கொழும்பே பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது. இதைக் கேட்டால் எங்கள் வயதுக்காரர் யாரும் சிரிக்காமல் இருக்கமாட்டார்கள்.

அம்மாவிடம் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிக் கேளுங்கள். அடியில் கொஞ்சப் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு பொட்டுச் சுடர். பொருளாதாரத் தடைக்காலத்தில் நாங்கள் படித்ததெல்லாம் அதில்தான். போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் மணலில் பங்கர் வெட்ட வெட்டச் சரிய, சீலைகளைக் கிழித்து மண் மூட்டை தைத்தோமே, அதில் எந்தெந்தச் சீலை போனது என்றும் கேளுங்கள். அவவுக்கு நிறம் கூட நினைவிருக்கும்.

எரிந்த படங்களையும் எழுதலாம். ஒவ்வொரு படத்திலும் யார் எங்கே நின்றார்கள், அப்பா இயக்கத்தின் வரி உடுப்பிலா சாரத்திலா என்று நீங்கள் தனியாக, தம்பி தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒத்துவராது. திருத்தப் போகாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. முன்னாள் போராளிகளின் வீட்டுக்கு விசாரிக்க ஆள் வருவது இன்னும் நின்றுவிடவில்லை. ஆகவே பேஸ்புக் வேண்டாம். அப்பாவின் இயக்கப் பெயர், கூட இருந்தவர்களின் பெயர் எதுவும் வேண்டாம். கொப்பியில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். அவர் வெட்டச் சொன்னதை வெட்டுங்கள், வாதாடாதீர்கள்.

அப்பா இரவில் நித்திரையில்லாமல் எழும்பி நடக்கிறார், சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார் என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம்.

அப்புறம் அந்தச் சைக்கிள். அதை எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களுக்குத் தெரியாவிட்டால், அப்பாவிடம் முதலில் அதைக் கேளுங்கள்.