புது டிம்மர் மாட்டியதும் விளக்கு துடிக்கிறதே?

கேள்வி: ஹாலில் பழைய சுவிட்சை எடுத்துவிட்டு டிம்மர் மாட்டினோம். 9 வாட் எல்இடி பல்புகள் இரண்டு. ஒளியைக் குறைத்தால் விட்டுவிட்டு எரிகின்றன. லேசான ரீங்காரமும் கேட்கிறது. டிம்மர் பழுதா?

பதில்: பெரும்பாலும் டிம்மர் பழுதாகியிருக்காது; பல்பும் டிம்மரும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கலாம். முதலில் பல்பின் கழுத்தில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 'டிம்மபிள்' (ஒளியைக் குறைக்கக்கூடியது) என்று இல்லையென்றால் பல்பைத்தான் மாற்ற வேண்டும்.

இருக்கிறதா? அடுத்து டிம்மரின் முதுகைப் பாருங்கள். '60–400 வாட்' என்று போட்டிருந்தால் அது குண்டு பல்புக்கானது. உங்கள் லோடு மொத்தமே 18 வாட். டிம்மருக்குள் இருக்கும் ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்ச், குறைந்தபட்ச மின்னோட்டம் ஓடினால்தான் மின்சாரத்தை விட்டபடி திறந்தே நிற்கும். அது போதாமல் நடுவிலேயே மூடிக்கொள்வதைத்தான் துடிப்பாகப் பார்க்கிறீர்கள். 'டிரெய்லிங் எட்ஜ்' வகை (மின் அலையின் பின்பகுதியை வெட்டி ஒளியைக் குறைப்பது) எல்இடி டிம்மர் வாங்குங்கள். ரீங்காரமும் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலவற்றில் குமிழுக்குப் பக்கத்தில் சின்னத் திருகு இருக்கும். குமிழைக் கடைசிவரை குறைத்துவிட்டு, துடிப்பு நிற்கும் வரை திருகை மெல்லத் திருப்புங்கள்.

சூடோ கருகல் வாடையோ இருந்தால் உடனே எம்சிபியை இறக்குங்கள். டெர்மினல் திருகு தளர்ந்திருக்கலாம். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது.