பத்திரத்தில் உள்ள 'என்பிராஞ்சைஸ்டு இனாம்' ஓட்டுரிமை அல்ல

தொண்டிப் பக்கம் தாத்தா நிலத்தின் பழைய பத்திரத்தில் 'என்பிராஞ்சைஸ்டு இனாம்' என்று இருக்கிறது, அகராதியோ ஓட்டுரிமை என்கிறது, நிலத்துக்கு ஏது ஓட்டு என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படாதீங்க. அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் தளையிலிருந்து விடுவிப்பது. ஆளுக்கு ஓட்டு கொடுத்தாலும் அதே சொல்தான். இங்கிலாந்தில் குத்தகை வீட்டுக்காரர் அடிமனையை விலைக்கு வாங்கிக்கொள்வதற்கும் அதே சொல்தான்.

உங்கள் பத்திரத்தில் விடுபட்டது நிலம். ஊழியத்துக்கோ தர்மத்துக்கோ மானியமாக விட்ட நிலங்களான இனாம்களை 1858-க்குப் பிறகு சென்னை மாகாண இனாம் கமிஷன் விசாரித்தது. ஆண்டுக்கு ஒரு சிறு தீர்வையை ஏற்றுக்கொண்டால் ஊழிய நிபந்தனையையும், நிலத்தைத் திரும்ப எடுக்கும் சர்க்கார் உரிமையையும் நீக்கி, டைட்டில் டீடு, அதாவது உரிமைப் பத்திரம், கொடுத்தார்கள். தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுப் பத்திரத்திலும், மடிப்பில் கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில், 'டி.டி. நம்பர்' (அந்த டைட்டில் டீடு எண்) என்று இருக்கும். உங்களுடையதிலும் தேடிப் பாருங்கள்.

ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி நிலத்தை வாங்கவோ விற்கவோ வேண்டாம். மைனர் இனாம்களை, அதாவது சிறு இனாம்களை, 1963-ஆம் வருஷச் சட்டம் ஒழித்து ரயத்துவாரி (நிலக்காரர் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டும் முறை) ஆக்கிவிட்டது. அதன்படி யாருக்குப் பட்டா ஆனது என்பதே இன்றைய கேள்வி. தாலுகா ஆபீஸில் செட்டில்மென்ட் பதிவும், கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேடும் முதலில் பாருங்கள். பழைய இனாம் பதிவேடு வேண்டுமானால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.