தொகை எழுதாத வவுச்சரில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?

கேள்வி: எனக்கு 37 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை. என் பெரியப்பா பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், சென்னையில் பல வருடங்களாக அமெச்சூர் நாடகக் குழு நடத்துகிறார். ஒன்பது வருடமாக அதில் அம்மா, அக்கா வேடங்களில் நடிக்கிறேன். கதாநாயகியாக வெளியிலிருந்து வருகிற பெண்ணுக்கு மட்டும் ஷோவுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்பார். எங்களுக்கு டிபன், காபி. பஸ் காசுகூட இல்லை. போன கோடை விழாவுக்கு நகைக்கடை ஸ்பான்சர் வந்தது. எவ்வளவு வந்தது என்று கேட்டேன். “கலையைக் காசுல அளக்கிறியா? டிக்கெட் வித்தது ஜிஎஸ்டியிலேயே போயிடுது. உங்கப்பா இருந்திருந்தா இப்படிக் கேட்டிருப்பானா?” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். பெரியம்மா அதற்கப்புறம் போன் எடுப்பதில்லை. அப்பா போன பிறகு என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அவர்தான். மற்றபடி நிர்வாகத்தில் குறை சொல்ல முடியாது. ஷோ முடிந்த இரவே ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம், தொகையைப் பெரியப்பா பிறகு எழுதிக்கொள்வார். புதிதாகச் சேர்ந்த காலேஜ் பிள்ளைகளிடமும் நான்தான் கையெழுத்து வாங்கித் தருவேன். பணம் கேட்டது என் தப்பா? குழுவை விட்டு விலகிவிடவா?
– பெயர் வேண்டாம், தாம்பரம்

பதில்:

கேட்டது தப்பில்லை. இந்தக் கேள்வி எனக்கு நிறைய வந்திருக்கிறது, ஒருவருக்கு மாமா, இன்னொருவருக்கு காலேஜ் சீனியர், மற்றதெல்லாம் இதே கதை. அதனால் ஆறுதல் சொல்லி இடத்தை அடைக்கப் போவதில்லை. “குறை சொல்ல முடியாது” என்று எழுதிவிட்டு, அதன் கீழேயே போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்களே, தொகை எழுதாத வவுச்சர், அதைத்தான் பேச வேண்டும்.

அக்கவுண்ட்ஸில் வேலை பார்ப்பவர் நீங்கள். கையெழுத்து இருக்கிறது, தொகை இல்லை, இப்படி ஒரு வவுச்சர் உங்கள் ஆபீஸ் மேஜைக்கு வந்தால் பாஸ் பண்ணுவீர்களா? கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், சபா வாசலில் நின்றுகொண்டு, அதே காகிதத்தில் ஒன்பது வருடமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஸ்டாம்ப் வேறு ஒட்டியிருந்தது என்கிறீர்கள். 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும், இது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பஸ் காசுகூட வாங்காத ஒருவர் எதற்கு ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போடுகிறார் என்று ஒரு ராத்திரிகூட உங்களுக்குத் தோன்றவில்லையா? பழக்கத்தில் எல்லாக் காகிதத்திலும் ஒட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் பெரியப்பா அப்படிப்பட்டவராகவே இருக்கலாம். அவர் திருடினார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காகிதங்களில் என்ன தொகை ஏறியிருக்கிறது, அது யாரிடம் காட்டப்பட்டது, இரண்டும் உங்களுக்குத் தெரியாது என்று சொல்கிறேன். ஸ்பான்சர் கொடுத்தவர், நடிகர்களுக்கு இவ்வளவு போனது என்று உங்கள் கையெழுத்தைப் பார்த்து நம்பியிருந்தால், அந்தக் கணக்குக்கு நீங்களும் சாட்சி.

உங்கள் ஒருவர் கையெழுத்து என்றால்கூட உங்கள் பாடு, உங்கள் பெரியப்பா பாடு என்று விட்டிருப்பேன். காலேஜ் பிள்ளைகளிடம் வாங்கித் தந்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பத்தொன்பது, இருபது வயது. மேடை ஏறினாலே போதும் என்று வருகிற வயது. ‘அக்கா’ சொன்னால் எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். பெரியப்பா நீட்டியிருந்தால் அதில் ஒருவனாவது தயங்கியிருப்பான், நீங்கள் நீட்டியதால் தயங்கவில்லை. கடிதம் முழுக்க உங்களுக்கு நடந்த அநியாயத்தை எழுதியிருக்கிறீர்கள், அதே அநியாயத்தை நீங்களே அவர்களுக்குக் கைமாற்றி விட்டிருக்கிறீர்கள்.

கல்யாணம் நடத்தி வைத்தார் என்கிறீர்கள். பெரிய விஷயம்தான், அண்ணன் இறந்தாலும் தம்பி இறந்தாலும் அந்தப் பிள்ளைகளைக் கரையேற்றுகிறவர்கள் இன்றைக்குக் குறைந்து வருகிறார்கள். அந்த நன்றி உயிர் இருக்கும்வரை இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள்தான் நானும். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரியில் ராத்திரி போய் இருங்கள், பண்டிகைக்கு முதல் ஆளாக அவர் வீட்டுப் படி ஏறுங்கள். அந்தக் கடனை உங்கள் கையால், உங்கள் உழைப்பால் தீர்க்கலாம். அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் கையெழுத்தைக் கொடுத்துத் தீர்க்க உங்களுக்கு உரிமை இல்லை. செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லித் தம்பி மகளின் வாயை அடைத்தாரே, அதையும் நான் ஏற்க மாட்டேன். பெரியவர் என்ற இடத்தில் உட்காருகிறவர் கேட்காமலேயே கணக்கைச் சொல்ல வேண்டியவர். வீட்டில் தாத்தா நெல் விற்ற பணத்தைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் எண்ணி வைத்த குடும்பங்கள் நம்முடையவை.

கலையைக் காசில் அளக்கிறாயா என்ற வசனத்துக்கு வருகிறேன். 1891ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சம்பளம் வாங்காமல் நடித்தார்கள். நாடகக்காரர்களை மட்டமாகப் பார்த்த காலத்தில் படித்தவர்கள் மேடை ஏறியது பெரிய காரியம், அதை நான் தலைவணங்கி மதிக்கிறேன். சம்பளம் இல்லை என்பது அங்கே தெரிந்தே செய்த ஏற்பாடு. உங்கள் குழுவில் ஒருத்திக்குப் பணம், மற்றவர்களுக்கு வெறும் டிபன், யாருக்கு எவ்வளவு என்பது ஒரே ஒருவர் மனதில். அதை சபா நாடக மரபு என்று சொல்லாதீர்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம், அதாவது நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைத்துப் போடும் நாடகம், போடுகிறவர்களைப் பாருங்கள். ராஜபார்ட் என்கிற கதாநாயகன், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி, பபூன், ஆர்மோனியம், மிருதங்கம், ஒவ்வொருவருக்கும் சம்பளம் தனித்தனியாக, முன்கூட்டியே பேசி முடிவாகிவிடும். விடிய விடிய வள்ளி திருமணம் நடத்துகிற அந்தக் கலைஞர்களின் கலை காசு பேசியதால் குறைந்துவிட்டதா? அந்தத் திருவிழா முடிந்ததும் வசூல் இவ்வளவு, நாடகத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு என்று நோட்டீஸ் அடித்துக் கோயில் சுவரில் ஒட்டுகிற ஊர்கள் எத்தனை இருக்கின்றன! ஐம்பது ரூபாய் திருவிழா வரி கொடுத்தவர்கூட நின்று படித்துவிட்டுப் போவார். பேங்க்கில் வேலை பார்த்தவரால் ஒரு பக்கம் எழுத முடியாதா?

ஜிஎஸ்டி கதையும் அவ்வளவாக நிற்காது. நாடக டிக்கெட் 500 ரூபாய் வரை இருந்தால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. அரங்க வாடகைக்கு உண்டு, சரி, அப்படியானால் அந்த பில்லைக் காட்டட்டும்.

விலகுவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். நீங்கள் விலகினால் அந்தப் பிள்ளைகள் அங்கேயேதான் இருப்பார்கள், வவுச்சர் நீட்ட வேறு ஒரு அக்கா வருவாள். முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, தொகை எழுதாத காகிதத்தில் கையெழுத்து வாங்கியது தப்பு, இனி யார் கேட்டாலும் போடாதே, நான் கேட்டாலும் போடாதே என்று சொல்லுங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில், நீங்கள் வாங்காத வரவு ஏதாவது ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் பெரியப்பா வீட்டுக்கு நேரில் போங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டது சரியில்லை, அது அவருடைய சபை, அங்கே அவர் கோபப்படத்தான் செய்வார். வீட்டில், பெரியம்மாவும் இருக்கும்போது கேளுங்கள், அந்த அம்மாவுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. போன விழாவுக்கு மட்டும் ஒரு பக்கக் கணக்கு போதும். சபா கொடுத்தது, ஸ்பான்சர் கொடுத்தது, விழா மலர் விளம்பரம், டிக்கெட் ஒரு பக்கம். செட், லைட், மைக், மேக்கப், வேன், ஒத்திகை இடம், சாப்பாடு, கதாநாயகி சம்பளம் மறு பக்கம். கையை விட்டுப் போட்டிருக்கிறார் என்று தெரியவந்தால், பென்ஷனில் இருந்து இவ்வளவு போகிறதா என்று அன்றைக்கே குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும், அதை மறைப்பதும் தப்புதான். மிச்சம் இருந்தால் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கும் முன்பே முறையைச் சொல்லிவிடட்டும். செட் தூக்குகிறவருக்கும் மேக்கப் போடுகிறவருக்கும் இது பிழைப்பு, அவர்களுக்கு அன்று இரவே முழுப் பணம். அதற்கப்புறம் நடிகர்களுக்குப் போக்குவரத்துச் செலவு. மீதியில் உங்களுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரே பங்கு, தம்பி மகள் என்பதற்காகக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பழைய வவுச்சர்களையும் பார்க்கக் கேளுங்கள், உங்கள் கையெழுத்து உள்ளதை உங்களிடம் காட்டாமல் இருக்க அவருக்கு எந்த நியாயமும் கிடையாது.

மாட்டேன் என்றால்? சபாவுக்குத் தேதி கொடுத்த ஷோக்களை முடித்துக் கொடுங்கள், கடைசி நேரத்தில் காலை வாரக் கூடாது, டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் உங்களை ஒன்றும் செய்யவில்லை. அந்த ஷோக்களில் வவுச்சர் வந்தால் ‘பெற்ற தொகை: இல்லை’ என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதி போட்டு, அதன் கீழே கையெழுத்திட்டு, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். புது நாடகத்துக்கு வசனப் பிரதி வரும்போது, கணக்கு வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் பெரியப்பா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.