அழுத்த ஸ்லீவ் அணிந்தால் விரல்கள் வீங்குகின்றன

நிணநீர் சரியாக வடியாமல் கையில் தேங்குவதால் வரும் நிணநீர் வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் அணியும் இறுக்கமான மீள்துணி உறையே அழுத்த ஸ்லீவ். அதை அணியும்போது புறங்கையும் விரல்களும் வீங்குமானால், மணிக்கட்டோடு நின்றுவிடும் ஸ்லீவை மட்டும் அணிவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, விரல்களையும் சேர்த்து அழுத்தும் கையுறை தேவையா என்று உங்கள் நிணநீர் வீக்கச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். இறுக்கம் போதவில்லை என்றெண்ணி இன்னும் சிறிய அளவை வாங்கிவிடாதீர்கள்.

பல நேரங்களில் மணிக்கட்டில் துணி சுருண்டு, அந்த ஒரு கோட்டிலேயே அழுத்தம் குவிவதால், நீர் மேலேற வழியின்றிப் புறங்கையிலும் விரல்களிலும் தேங்குகிறது.

கழற்றியவுடன் தோலைப் பாருங்கள். துணிப் பின்னலின் தடம் பரவலாகத் தெரிந்தால் கவலையில்லை. ஒரே இடத்தில் வளையம்போல் ஆழமாகப் பதிந்திருந்தால் மடிப்போ அளவோதான் காரணம். அளவெடுப்பதையும் வீக்கம் குறைந்திருக்கும் காலை நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்றிவிட வேண்டும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் கண்டால், தோலடித் தொற்றாக இருக்கக்கூடும் என்பதால், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.