மழலையர் பள்ளி நிர்வாகக் குழு: யாருக்குத் தகுதி?

பாளையங்கோட்டைப் பக்கம் ரொம்ப காலம் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன், அப்புறம் இரண்டு பள்ளிக் குழுக்களிலும் இருந்தேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

டீச்சர், நான் முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். ஐந்தாவதுதான் படிப்பு. மகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

தாராளமாகப் போங்கம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். படிப்பு எதையும் சட்டம் கேட்கவில்லை. பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது குழுவின் வேலை. இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, கடையில் எத்தனை பீடி கழித்தார்கள் என்று தினமும் கணக்குப் பார்க்கிறவர் நீங்கள். அந்தக் கண் போதும்.

வள்ளியூர் பக்கம் அறக்கட்டளை சார்பில் மழலையர் பள்ளி தொடங்குகிறோம். குழுவில் யாரைச் சேர்க்க?

நன்கொடை தந்தவரை மட்டும் வைத்து நிரப்பிவிடாதீர்கள் அண்ணாச்சி. மூன்று வயதுப் பிள்ளைகளோடு வேலை பார்த்த ஒருவர், கணக்குத் தெரிந்தவர், ஒரு நர்ஸ், அங்கேயே படிக்கும் பிள்ளையின் தாய் கட்டாயம் வேண்டும்.

நான் இருந்த ஒரு குழுவில் ஆண்டு விழா மேடையைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். ஒரு தாய் எங்களைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். குத்தவைத்து உட்கார்ந்து கையை நீட்டினாள். குழாய் அவளுக்கே எட்டவில்லை. பிள்ளைகள் ஏன் தண்ணீர் விடாமல் வருகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. அடுத்த வாரமே குழாயை இறக்கிவைத்தோம். தலைவராக நான் அவளைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

தலைவருக்கு நல்ல ஆங்கிலம் வேண்டாமா? மூன்று வயதிலேயே எழுதச் சொல்லிப் பெற்றோர் நெருக்குகிறார்கள். (அம்பாசமுத்திரம்)

ஆங்கிலத்தைவிடப் பிள்ளை வளர்ச்சி தெரிந்திருப்பது முக்கியம். முன்பருவக் கல்விக்கான 2013 தேசியக் கொள்கை தாய்மொழியில்தான் சொல்லித்தரச் சொல்கிறது. மூன்று முதல் ஆறு வயது வரை 20 பிள்ளைக்கு ஒருவர், மூன்று வயதுக்குள் 10 பிள்ளைக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. மண்ணில் கோடு இழுத்து, மாவு பிசைந்து விரல் பலப்பட்ட பிறகுதான் பென்சில். இதைப் பெற்றோர் முகம் சுளித்தாலும் பொறுமையாக எடுத்துச் சொல்லும் தைரியம் தலைவருக்கு இருக்க வேண்டும்.

நான் குழுவில் இருக்கும் பள்ளியில் என் மதினி ஆசிரியை வேலைக்கு மனு போட்டிருக்கிறார். நான் குழுவில் நீடிக்கலாமா?

நீடிக்கலாம். அந்தப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள். போனதைக் கூட்டத்தில் நடந்ததைப் பதியும் மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மும்பையில் இருக்கிறேன். ஊர்ப் பள்ளிக் குழுவில் போன் வழியாகவே பதவி வகிக்கலாமா?

பணமும் யோசனையும் அனுப்புங்கள் தம்பி, பதவி வேண்டாம். காலையில் அழுதுகொண்டே வரும் பிள்ளையை யார் வாங்குகிறார்கள், எப்படி வாங்குகிறார்கள் என்பது போனில் தெரியாது. கோயில் கொடைக்கு வருவீர்கள் அல்லவா? ஒரு நாள் முன்னதாகவே வந்து, பள்ளி வாசலில் ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள்.